மாம்பழ மஞ்சளில் மூன்று நாட்கள்

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்ட வேண்டியதையெல்லாம் சுயம்பு அண்ணனே கூட்டிவிட்டார். எனக்கென்று மிச்சம் எதுவும் வைக்கவில்லை.

எங்கள் கம்பெனி பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருக்கிறது. மொத்தமே நாலு பேர். டீம் லீடர் மீரான் அண்ணன். சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் ஆவுடையப்பன். யார் எதைச் சொன்னாலும் நம்புவான், சர்வர் உட்பட. சோதித்துப் பார்க்கிற வேலை என்னுடையது. பெயர் பெல்சியா. அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள், அதனால் எனக்குக் கல்யாணம் ஆகாது என்று அம்மா சொல்லுவாள். நாலாவது ஆள் சுயம்புலிங்கம், புரோகிராமர். அவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவரே சொல்லுவார்.

கல்யாண மண்டபங்களுக்குத் தேதி பதிகிற சாஃப்ட்வேர் செய்கிறோம். அதில் சுயம்பு அண்ணனுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு மண்டபத்தில் ஒரே தேதிக்கு இரண்டு கல்யாணம் பதிவாகாமல் தடுக்க வேண்டும். முன்னூறு வரி எழுதினால் முடிகிற சமாச்சாரம். திங்கட்கிழமை கொடுத்தது. சனிக்கிழமை காலை வரைக்கும், கேட்டபோதெல்லாம் "முடியுத கட்டத்துல இருக்கு" என்று ஒரே பதில். சாயங்காலத்துக்குள் மண்டபக்காரர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் முகூர்த்தத் தேதிகளைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அவர் எப்படியோ போகட்டும். எனக்கு இருந்தது வேறு அவசரம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகளுக்குத் திருமுழுக்கு. நான்தான் ஞானத்தாய், பீடத்துக்கு முன்னால் பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டியவள். எங்கள் ஊர், நாகர்கோவில் பக்கம். எங்கள் பங்குத்தந்தை கண்டிப்பானவர். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நடக்கிற வகுப்புக்கு வராதவர் கையில் பிள்ளையைக் கொடுக்க மாட்டார். நான் வராவிட்டால் பிள்ளையைத் தூக்க அண்ணியின் தங்கச்சி ஷைனி தயாராக இருந்தாள். வெள்ளைச் சேலையை இஸ்திரி போட்டு, படம் எடுத்து, 'சும்மா ஒரு சேஃப்டிக்கு அக்கா' என்று எனக்கே வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். அதை ஷைனி தூக்கிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நிற்பதை நான் கூட்டத்தில் நின்று பார்க்க வேண்டுமா?

இரண்டு மணிக்கு பஸ் ஏறினால்தான் ஐந்துக்குள் போய்ச் சேரலாம். சோதித்துப் பார்க்க எனக்கு முழுசாக ஒன்றரை மணி நேரம் வேண்டும். அதாவது பன்னிரண்டுக்குள் சுயம்பு அண்ணன் தன் வேலையை என்னிடம் கொடுத்தாக வேண்டும்.

காலை பதினொரு மணிக்கு எங்களுக்கு நின்றுகொண்டே பேசும் கூட்டம் உண்டு. உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று மீரான் அண்ணன் கொண்டுவந்த ஏற்பாடு. ஒரு செத்துப்போன மவுஸ் இருக்கிறது. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்றைக்கு என்ன செய்வேன், தடங்கல் ஏதாவது உண்டா என்று மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு மவுஸை அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிஷம். அன்றைக்கு மவுஸ் பதினொன்று மூன்றுக்கு சுயம்பு அண்ணன் கைக்குப் போனது.

"தடங்கல் உண்டு அண்ணே" என்று ஆரம்பித்தார் அவர்.

"என்ன தடங்கல்?" என்றார் மீரான் அண்ணன்.

"எடிட்டர் பாக்க நல்லா இல்ல."

எடிட்டர் என்றால் நாங்கள் புரோகிராம் எழுதுகிற இடம். எழுதுகிற புரோகிராமுக்கு எங்கள் பேச்சில் கோடு என்று பெயர். எழுதுகிறவருக்கு நோட்டுப் புத்தகம் மாதிரி. பின்னணி நிறம், எழுத்து, வரிக்கு வரி இடைவெளி எல்லாவற்றையும் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமலும் வேலை செய்யலாம். இந்த இரண்டாவது தகவலை அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"வெள்ளைத் திரைண்ணே. புதுசா சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி. அத முன்னால வெச்சுக்கிட்டு மனுசன் எப்பிடி யோசிப்பான்? அதான் செவ்வாக்கெழம பின்னணிய கருப்பாக்கினேன். சாதாக் கருப்பு இல்ல. எடிட்டர்ல கருப்புன்னு ஒண்ணு குடுத்திருக்கான், அது நம்ம ஆவுடை கலர்தான் வரும். நான் அதுக்கும் கீழ எறங்கிப் போனேன். எவ்வளவு கருப்புன்னா, லேப்டாப்ப ஆஃப் பண்ணினா ரூமுக்குள்ள வெளிச்சம் வரும்."

"நெசமாவா?" என்றான் ஆவுடை. தன் கலரைச் சொன்னதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"ஒரு கொசு வந்து திரையில உக்காந்துதுடே. உக்காந்துதுன்னு நெனச்சுது. உள்ள விழுந்துட்டு. ரெண்டு நாளா ஸ்பீக்கர்ல அது சத்தம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நேத்துதான் நின்னுச்சு, பாவம்."

"ஆத்மா சாந்தியடையட்டும்" என்றேன் நான். "வேலை எங்கண்ணே?"

"மவுஸ் என் கையில இருக்கு தங்கச்சி" என்று அதை உயர்த்திக் காட்டினார். சட்டம் சட்டம்தான். நான் வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று எட்டு.

"அடுத்து எழுத்து" என்றார். "நானூத்திப் பன்னெண்டு எழுத்து வகை இறக்கிப் பாத்தேன். ஒண்ணு இருந்துது, அவ்வளவு மெலிசு. ஒரு வரி எழுதி முடிக்கதுக்குள்ள முதல் எழுத்து வழுக்கிக் கீழ போயிரும். சாயங்காலம் பாத்தா எல்லாம் திரைக்கு அடியில குவிஞ்சு கெடக்கும், வீட்ல பிரஷ் வெச்சு எடுத்துக் குடுத்தா. சரி, கனமா ஒண்ணு போடுவோம்னு போட்டேன். அது ரொம்பக் கனம். லேப்டாப் முன்பக்கமா சாஞ்சிட்டு. பின்னால ரெண்டு செங்கல் வெச்சுத்தான் நிறுத்தினேன். பிராக்கெட் போடும்போது மட்டும் மூணாவது செங்கல்."

"செங்கல் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டான் ஆவுடை. அவனுக்கு வீடு கட்டுகிற யோசனை இருந்தது.

மீரான் அண்ணன் நெற்றியைத் தேய்த்தார். "லேய் சுயம்பு, புதன்கெழம என்ன பண்ணுன, அதச் சொல்லு."

"அதுக்குத்தான் வாரேன். புதன்கெழமதான் கலர்."

புரோகிராமில் ஒவ்வொரு வகைச் சொல்லுக்கும் ஒவ்வொரு நிறம் கொடுப்பது வழக்கம். எண்ணுக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று, கட்டளைக்கு ஒன்று. பார்த்தவுடன் எது எதுவென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதன் பயன். எடிட்டரோடு கூடவே நாற்பது ஐம்பது நிறக் கூட்டுகள் சும்மா கிடைக்கும். சும்மா கிடைப்பதைச் சுயம்பு அண்ணன் தொடுவாரா?

"கம்ப்யூட்டர்ல இருக்க கலரெல்லாம் கலரான்னு தோணிட்டு. லேப்டாப்ப எடுத்துக்கிட்டு நேரா டவுன்ல பட்டுச்சேலைக் கடைக்குப் போயிட்டேன்."

"புதன்கெழம பல்வலின்னுல்லா லீவு கேட்டுப் போன?" என்றார் மீரான் அண்ணன்.

"பல்லும் வலிச்சுதுண்ணே. கலர் சரியா அமையலைன்னா எனக்குப் பல்லுலதான் தெரியும்." முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. "கடைக்காரர் கேட்டாரு, யாருக்கு சார் சேலைன்னு. என் கோடுக்குன்னேன். அது எங்க வீட்டுக்காரி பேருன்னு நெனச்சுட்டாரு. பேர் சொல்லி எடுக்கற மொத ஆளு நீங்கதான்னு உக்கார வெச்சு, அறுவது சேலைய விரிச்சுப் போட்டாரு. எண்ணுக்கு மயில்கழுத்து. பேருக்குக் கிளிப்பச்ச. கட்டளைக்கு அரக்கு, அதுவும் ஜரிகை போட்ட அரக்கு. மாம்பழ மஞ்சள் ஒண்ணு மட்டும் மனசுக்கு ஒத்தே வரல. அவர் காட்டின மஞ்சள்லாம் மஞ்சக்காமாலை. நானே உக்காந்து எடிட்டர்ல கலந்தேன். ஒரு சொட்டு செவப்பு, ஒரு சொட்டு பச்ச. திரையில அது வந்ததும் கடையில இருந்த பொம்பளையாளுக எல்லாம் கையில இருந்த சேலையக் கீழ போட்டுட்டு, 'எங்களுக்கு அந்தக் கலர்ல குடு'ன்னு கடைக்காரரப் பிடிச்சுக்கிட்டாங்க. அவர் என் கால்ல விழாத கொற. அந்தக் கலரோட நம்பரக் குடுங்க சார்னு கெஞ்சினாரு. குடுக்கலையே."

"ஏன் குடுக்கல?" என்றான் ஆவுடை, வருத்தமாக.

"குடுத்தா சந்தைக்குப் போயிரும்லா? ஏற்கெனவே ஒரு பிரச்சின. திரையத் தெறந்துவெச்சு பழக்கடை வழியா வந்துட்டேன். மாம்பழமெல்லாம் பாத்துட்டு. இந்த வருசம் மாம்பழம் பழுக்காம பச்சையாவே நிக்கே, எதுனாலன்னு நெனைக்கீங்க? வெக்கம்."

"இது டிசம்பர் மாசம் அண்ணே" என்றேன்.

"பாத்தியா, இன்னும் பழுக்கல."

பதினொன்று இருபத்தைந்து. மாம்பழத்தைவிட எனக்குத்தான் வெந்துகொண்டிருந்தது. ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் ஷைனி. சேலைக்குப் பொருத்தமாக வெள்ளை வளையல் கிடைத்துவிட்டதாம். நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அண்ணே, கலர் முடிஞ்சுதுல்லா? அப்புறம் வியாழன், வெள்ளி ரெண்டு நாள் முழுசா இருந்துதே?"

"இருந்துது தங்கச்சி. இல்லன்னு சொல்லல. வரிக்கு வரி எடைவெளி கொஞ்சம் நெருக்கமா இருந்துது. நல்ல காத்தோட்டமா இருக்கட்டும்னு ஏத்தினேன். ஏத்தினேன், ஏத்தினேன், கொஞ்சம் அதிகமாயிட்டு. வியாழக்கெழம காலையில பாக்கேன், நாப்பதாம் வரிக்கும் நாப்பத்தொண்ணாம் வரிக்கும் நடுவுல எங்க தெருப் பூன படுத்திருக்கு."

"ஐயோ" என்றான் ஆவுடை.

"மத்தியானம் பாக்கேன், குட்டி போட்டுட்டு."

"எத்தன?"

"மூணு. ரெண்டு வெள்ள, ஒண்ணு புள்ளி. நாப்பத்தொண்ணாம் வரிய இன்னும் கொஞ்சம் கீழ தள்ளிவிட்டேன், தாய்க்குக் கால நீட்ட வசதியா. நீங்களே சொல்லுங்க, பிள்ளத்தாச்சி படுத்திருக்க எடத்துல போயி எவன் டைப் அடிப்பான்? எனக்கு மனசு கேக்கல."

"லேப்டாப்ப மூடினா நசுங்கிருமே அண்ணே" என்றேன். அப்போதாவது ஒரு இடத்தில் தடுக்கி விழுவாரா என்று பார்க்கத்தான்.

"அதான் ரெண்டு நாளா மூடவே இல்ல. பஸ்ஸுலயும் தெறந்தே வெச்சு மடியில வெச்சுத்தான் வாரேன். கண்டக்டர் எட்டிப் பாத்தாரு. குட்டிகளுக்கு வேண்டாம், தாய்க்கு மட்டும் அரை டிக்கெட் எடுங்கன்னுட்டாரு. நல்ல மனுசன்."

ஆவுடை மெதுவாக அண்ணனுடைய மேசைப் பக்கம் நகர்ந்தான். அங்கே லேப்டாப் திறந்துதான் இருந்தது.

"எழுப்பிராதடே" என்றார் சுயம்பு அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல். ஆவுடை அப்படியே நின்றுவிட்டான். மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

மீரான் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டே பேசும் கூட்டத்தில் தன் சட்டத்தைத் தானே முறித்தது அன்றைக்குத்தான். "சரிடே, வெள்ளிக்கெழம? பூனைக்கு பத்தியச் சாப்பாடா?"

"கர்சர்ணே."

கர்சர் என்பது நாம் எழுதுகிற இடத்தில் விட்டுவிட்டு மின்னுகிற சின்னக் கோடு. அதுவாவது தன்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாரா?

"அது மினுக்கு மினுக்குன்னு மினுக்கிச்சு. ஒரு கம்பீரம் இல்ல. கொஞ்சம் தடியாக்கி, பிரகாசத்த ஏத்தி, நிதானமா மின்ன விட்டேன். ராத்திரி சன்னல் பக்கம் வெச்சுட்டுத் தூங்கிட்டேன். காலையில வாசல்ல ஒரே சத்தம். எட்டிப் பாத்தா மூணு வள்ளம். கடல்ல போனவங்க கர்சர் வெளிச்சத்தப் பாத்து, கலங்கரை வெளக்குன்னு நெனச்சு, கரை வந்துட்டுன்னு தாமிரபரணி வழியா பாளையங்கோட்ட வரைக்கும் வந்துட்டாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. நான் கடற்கரைக்காரி. "அண்ணே, ஆத்துல வள்ளம் எப்பிடி வரும்? ஸ்ரீவைகுண்டத்துல அணைக்கட்டு குறுக்க நிக்குல்லா?"

"நிக்கி. நானும் அதத்தான் கேட்டேன். எறங்கி, தோள்ல தூக்கிவெச்சு, அணைய ஏறிக் கடந்து, மறுபடி தண்ணியில போட்டிருக்காங்க. கர்சர் மேல அவ்வளவு நம்பிக்க. உங்க ஆளுக ரெண்டு பேரு இருந்தாங்க தங்கச்சி, உன்னக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க. வந்தது வந்தாச்சுன்னு ஒரு கூடை வாளை மீன் குடுத்துட்டுப் போனாங்க. தாய்ப்பூனைக்கு நல்லதாப் போச்சு."

பதினொன்று நாற்பது. எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரு மாதிரி இருமல்தான் வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"அண்ணே" என்றேன் இருமி முடித்துவிட்டு. "உங்க பூனை, வள்ளம், மாம்பழம் எல்லாத்தையும் நான் நம்புதேன். சத்தியமா நம்புதேன். இன்னைக்கு நான் பஸ்ஸ விட்டா நாளைக்கு என் அண்ணன் பிள்ளைய வேற ஒருத்தி தூக்குவா. எனக்கு அத நெனச்சா வயிறு எரியுது. வேலை முடிஞ்சுதா, முடியலையா? அத மட்டும் சொல்லுங்க."

சுயம்பு அண்ணன் முகம் முதல் தடவையாகக் கொஞ்சம் மாறியது. "நீ என்னத்துக்குக் கலங்குத? முடிஞ்சுது தங்கச்சி. திங்கக்கெழம சாயங்காலமே எழுதி முடிச்சிட்டேன். மத்ததெல்லாம் அழகு பாக்கதுக்குத்தான். இப்ப கேளு, இதுதான் உச்சம். வியாழன், வெள்ளி, சனி. மூணு நாளா என் கோடுல ஒரு எரர் வரல."

மேசைப் பக்கம் நின்ற ஆவுடை திரும்பினான்.

கொசு விழுந்ததை நம்பலாம். வள்ளம் அணை ஏறியதைக்கூட நம்பலாம். மூன்று நாளாக ஒரு புரோகிராமருக்கு எரர் வரவில்லை என்பதை ஆவுடைகூட நம்பவில்லை. அவன் மீரான் அண்ணனைப் பார்த்தான். மீரான் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுகூடவா?" என்றார்.

"ஒண்ணுகூட இல்ல. எரர்க்கு அடியில வருமே செவப்புக் கோடு, நெளிஞ்சு நெளிஞ்சு. அதுகூட எட்டிப் பாக்கல. அவ்வளவு அழகா இருக்கிற எடத்துல எப்பிடி வந்து நிக்கும்? அதுக்கும் ஒரு கூச்சம் இருக்கும்லா?"

"ஓடவிட்டுப் பாத்தீங்களா?" என்றேன்.

"தெனம் நாலு தடவ ஓடவிட்டேன்."

"ஓடவிட்டா என்ன வந்துது?"

"ஒண்ணும் வரல. அவ்வளவு சுத்தம்."

இரண்டு வருஷமாக அடுத்தவர் தப்பைத் தேடியே பழகிய மூக்கு எனக்கு. எங்கேயோ கருகுகிற வாசனை வந்துவிட்டது. அவர் கையிலிருந்த செத்த மவுஸை நான் பிடுங்கிக்கொண்டேன். அதைப் பிடுங்கலாம் என்று எங்கள் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

"இப்ப உங்க திரையில என்னென்ன கலர் தெரியுது அண்ணே? அரக்கு எங்க இருக்கு?"

"அரக்கா?" என்று கொஞ்சம் தயங்கினார். "அரக்கு இல்ல. புதன்கெழம ராத்திரி எனக்கு ஒரு ஞானம் வந்துட்டு தங்கச்சி. எதுக்கு இத்தன கலரு? இப்ப எல்லா வரியும் மாம்பழ மஞ்சள்தான். கருப்பு மேல முன்னூறு வரி மாம்பழ மஞ்சள். பாத்தா கண்ண எடுக்க முடியாது. மாத்த மனசே வரல."

"மாம்பழ மஞ்சள் எதுக்குன்னு வெச்ச கலரு?"

"கமெண்டுக்கு."

சொல்லிவிட்டு அவரே தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புரோகிராமில் ஒரு வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் அது கமெண்ட். கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். மனிதர்கள் பார்ப்பதற்காக எழுதிவைக்கிற குறிப்பு அது. ஓடுகிற வரியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கவும் நாங்கள் அப்படிப் போடுவோம். நிறுத்தி வைத்த வரியில் எரர் வராது. அதில் எதுவுமே வராது.

"அந்த ரெண்டு சாய்கோடு எங்கண்ணே?"

"கண்ண உறுத்திச்சு" என்றார் மெதுவாக. "அதுக்கு மட்டும் பின்னணியோட கருப்பையே குடுத்துட்டேன்."

மீரான் அண்ணன் எழுந்து போய், அந்த ஃபைலை என் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார். என்னுடைய எடிட்டர் வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. அதே சுண்ணாம்புச் சுவர். திறந்தோம். முன்னூறு வரியும் மங்கிய சாம்பல் நிறத்தில் கிடந்தது. இடதுபக்கம் மேலிருந்து கீழ் வரைக்கும், ஒரு வரி விடாமல், இரண்டிரண்டு சாய்கோடு. மொத்தப் பக்கத்தையும் தையல் போட்டு மூடியது மாதிரி இருந்தது.

"புதன்கெழம ராத்திரி என்ன பண்ணுன?" என்றார் மீரான் அண்ணன்.

"மஞ்சள் எப்பிடி இருக்குன்னு ஒரு பக்கம் முழுக்கப் பாக்கலாம்னு எல்லாத்தையும் ஒரே அமுக்கா கமெண்ட் ஆக்கினேன். அழகா இருந்துதுண்ணே. அப்பிடியே..."

"அப்பிடியே மறந்துட்ட."

"மறக்கல. ரசிச்சேன்."

பதினொன்று ஐம்பத்தொன்று. நான் எல்லா வரிகளையும் ஒன்றாகப் பிடித்து, இரண்டு விசையை அமுக்கினேன். சாய்கோடுகள் போயின. புரோகிராமை ஓடவிட்டேன். உள்ளே நிச்சயம் நாற்பது எரராவது இருக்கும், இன்றைக்கு ராத்திரி இங்கேதான் என்று நினைத்துக்கொண்டே தை மாதத்தில் ஒரு தேதியில் ஒரு கல்யாணத்தைப் பதிந்தேன். அதே மண்டபம், அதே தேதி, இன்னொரு கல்யாணம். 'அன்று மண்டபம் காலியில்லை' என்று வந்தது. காலை, மாலை மாற்றிப் பார்த்தேன். காலியில்லை. ரத்து செய்துவிட்டு மறுபடி பதிந்தேன், பதிந்தது. ஒன்றரை மணி நேரம் நான் போடாத ஆட்டம் இல்லை. முகூர்த்தம் இரண்டு நாளில் விழுகிற கல்யாணம், கடைசி நேரத்தில் நின்றுபோகிற கல்யாணம், ஒரே பெயரில் இரண்டு மாப்பிள்ளை. எதற்கும் அசையவில்லை. அந்த மனுஷர் திங்கட்கிழமை ஒரே நாளில் எழுதியது அப்படி ஒரு சுத்தமான வேலை. எனக்கு சந்தோஷமாக இருந்தது. கூடவே அவர் கையைக் கடித்துவிடலாம் போலவும் இருந்தது.

ஆவுடை இதற்கிடையில் அவருடைய லேப்டாப்பில் நாற்பதாம் வரி வரைக்கும் மெதுவாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "பூனை இல்ல" என்றான் என்னிடம், ரகசியமாக. "இடம் மாத்திட்டு போல."

ஒன்று முப்பத்தைந்துக்கு என் வேலை முடிந்தது. மண்டபக்காரருக்கு அனுப்பச் சொல்லி மீரான் அண்ணனிடம் கொடுத்தேன். பையைத் தூக்கித் தோளில் போட்டேன். சைக்கிள் கடைக்காரர் கீழே ஆட்டோ நிறுத்திவைத்திருந்தார். ஷைனிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'வளையலைப் பத்திரமா வை. உன் பிள்ளை திருமுழுக்குக்கு ஆகும்.'

மற்றவர்களாக இருந்தால் அந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுயம்பு அண்ணன் வாசல்வரைக்கும் கூடவே வந்தார். நடக்க நடக்க நெஞ்சு நிமிர்ந்தது. படிக்கட்டுப் பக்கம் வந்தபோது பழைய ஆளாகிவிட்டார்.

"ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றார் எல்லோரையும் பார்த்து. "முடிச்ச கோட சும்மா வெச்சா எவனாவது கை வெப்பான். ஆவுடை ஒண்ண மாத்துவான், மீரான் அண்ணன் ஒண்ணத் திருத்துவாரு. மூணு நாளா ஒரு ஈ எறும்பு அண்டலயே, எப்பிடி? கமெண்ட்ல வெச்சுப் பூட்டினேன். பூட்டு வெளிய தெரியக்கூடாதுன்னு கருப்பு அடிச்சேன். இத நான் தெரிஞ்சேதான் பண்ணினேன். தங்கச்சி, நாளைக்கு நீ பிள்ளையத் தூக்கும்போது நெனச்சுக்க. இந்த மூணு நாள் நான் காவல் இருந்ததாலதான் உனக்கு இன்னைக்கு ஒரே தடவையில முடிஞ்சுது."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மீரான் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்து, மூடியைக் கழற்றிய பேனாவோடு உட்கார்ந்திருந்தார். கோபமே இல்லை. மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"அந்த மூணு நாளும் உன் கோடு பத்திரமா இருந்துதுன்னு சொல்லுத?"

"ரொம்பப் பத்திரம்ணே."

"சரி. அந்த மூணு நாளையும் உன் லீவுல கழிச்சு, இவ கணக்குல ஏத்தியாச்சு. பெல்சியா, நீ வியாழக்கெழம வந்தாப் போதும்."